தடைக்காலம் என்றொரு பாட்டுக் குழு

ஏப்ரல் 15, புதன்

இன்று முதல் மீன்பிடித் தடைக்காலம். அறுபத்தொரு நாளைக்கு விசைப்படகு ஒன்றும் கடலுக்குப் போகாது. எனக்கும் இன்றுதான் தடை போட்டிருக்கிறார்கள். பதினாறு வருஷமாகத் தூத்துக்குடியைக் காலை ஆறு மணிக்கு எழுப்பிய ஹில்டா, இனி ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு மட்டும் பேசினால் போதுமாம். பிரியாணி தின்றுவிட்டு ஊரே குப்புறப் படுத்திருக்கும் நேரம் அது. காலை நிகழ்ச்சிக்கு ரித்விக் என்று ஒருவன் வந்திருக்கிறான். கோயம்புத்தூர்க்காரன், இருபத்து மூன்று வயசு. "உங்க வாய்ஸைக் கேட்டுத்தான் மேம் நான் வளர்ந்தேன்" என்றான். எங்கள் அலைவரிசை கோவில்பட்டியையே தாண்டாது, கோயம்புத்தூரில் எப்படிக் கேட்டாய் என்று நான் விசாரிக்கவில்லை.

நிலையத் தலைவர் கதிரேசன் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்: "உள்ளூர்ச் சரக்கா ஏதாவது புதுசா கொண்டு வாங்க. மூணு மாசம் பாப்போம். ஆள் கேக்கலைன்னா அந்த ஒரு மணி நேரத்தையும் சென்னையில இருந்தே போட்டுக்குறோம்னு சொல்றாங்க." சென்னைத் தலைமை அலுவலகம் சொல்கிறதாம். இவர் வெறும் தபால்காரர்.

வீட்டுக்கு வந்தால் தண்ணீர் மோட்டார் புகைந்து நாறுகிறது. நல்ல நாள் பார்த்துத்தான் புகைந்திருக்கிறது.

ஏப்ரல் 17, வெள்ளி

மோட்டாரை ஆட்டோவில் ஏற்றி, துறைமுகத்துக்குப் பின்னால் இருக்கும் இன்ஜின் ஷெட்டில் கொடுத்தேன். வள்ளத்து இன்ஜின் பார்க்கிற இடம்தான், தண்ணீர் மோட்டாரும் பார்ப்பார்கள். கஸ்பார் என்ற பையன் வாங்கி வைத்தான். விசைப்படகுத் தொழிலாளி. தடை போட்டிருப்பதால் சித்தப்பா ஷெட்டில் நிற்கிறானாம். நாளைக்கு வரச் சொன்னான்.

ஏப்ரல் 18, சனி

மோட்டார் தயாராகவில்லை. நான் போனபோது அது நாலு துண்டாகத் தரையில் கிடந்தது. அதற்கு நடுவே நின்று கஸ்பார் கிதார் வாசித்துக்கொண்டிருந்தான். திட்டத்தான் வாயைத் திறந்தேன். திட்டவில்லை. அப்படியே இன்ஜின் சோதிக்கிற தண்ணீர் டிரம்மைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன்.

மூன்று பேர். கஸ்பார் கிதார். அவன் தங்கை பெர்பெத்துவா பாடிக்கொண்டே பேஸ் கிதாரும் வாசிக்கிறாள். பகலில் கல்லூரி வாசலில் ஜெராக்ஸ் கடையில் வேலை. மிக்கேல் டிரம்ஸ். அவனும் கஸ்பார் போகிற அதே படகில் தொழிலாளி. கோயில் திருவிழா பேண்டில் தள்ளிவிட்ட டிரம்மை எடுத்து ஒட்டுப்போட்டு வைத்திருக்கிறான். பாட்டு வேகமான பாட்டு, கொஞ்சம் முரட்டுத்தனம். ஆனால் கிதார் மட்டும் குளித்துவிட்டுத் தலை துவட்டாமல் வந்து நிற்பதுபோல் இருந்தது. எல்லாச் சுரத்திலும் ஈரம். எங்கேயிருந்து இந்த எதிரொலி என்று தேடினால், மூலையில் விரிசல் விட்ட பழைய ஐஸ் பெட்டி. படகில் மீன் போடுகிற ஆள் உயரப் பெட்டி. ஸ்பீக்கரை அதற்குள் இறக்கி, மூடியை ஒரு கட்டை வைத்துத் தூக்கி, வாய்ப்பக்கம் மைக்கைத் தொங்கவிட்டிருக்கிறார்கள்.

"மூடி நாலு வெரல்தான் தொறந்திருக்கணும்க்கா," என்றான் கஸ்பார். "அஞ்சு வெரல்னா ஓட்டையாயிரும். மூணுன்னா அமுங்கிரும்."

"யாருலே சொல்லிக் குடுத்தா?"

"யாரு சொல்லித் தருவாவ? போன வருச தடையில சும்மாதான கெடந்தோம். பெட்டிக்குள்ள தலைய விட்டுக் கத்திப் பாத்தோம்."

குழுவின் பெயர் தடைக்காலம். வருஷத்தில் இரண்டு மாதம்தான் மூன்று பேரும் சேர்ந்து நிற்க முடியும் என்பதால் அந்தப் பெயர். பாட்டை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னேன்.

வலை காயுது வாய் காயுது
வாசல்ல நாய் காயுது
மாமன் மட்டும் நனைஞ்சு வாரான்
மத்தியானம் மூணு மணிக்கு

மாமன் ஏன் நனைந்து வருகிறான் என்று பாட்டில் கடைசி வரைக்கும் சொல்வதில்லை. எனக்கு உடம்பு சிலிர்த்தது, உண்மையைத்தான் எழுதுகிறேன். எத்தனையோ வருஷத்துக்கு அப்புறம் ஒரு பாட்டுக்குச் சிலிர்த்தது. மோட்டாரை மறந்துவிட்டு வீட்டுக்கு வந்து, பக்கத்து வீட்டில் இரண்டு குடம் தண்ணீர் வாங்கினேன்.

ஏப்ரல் 22, புதன்

ரெக்கார்டரோடு போய் மூன்று பாட்டைப் பதிவு செய்தேன். ஐஸ் பெட்டியோடு அப்படியே. மோட்டாரும் வந்துவிட்டது. ஓடுகிறது, ஆனால் கஸ்பாரின் டிரம்ஸ்காரனைவிடச் சத்தமாக ஓடுகிறது.

ஏப்ரல் 26, ஞாயிறு

இரண்டு மணி. "நம்ம ஊர்க் கடற்கரையில இருந்து ஒரு புதுச் சத்தம். இத நான் கண்டுபிடிச்சேன்னு சொல்லிக்க எனக்குப் பெருமையா இருக்கு. எழுதி வெச்சுக்கோங்க, இந்தப் பாட்டு எந்த மேடையில போட்டாலும் நிக்கும்." இப்படித்தான் சொன்னேன். இரண்டு மணிக்குத் தூங்குகிற ஊரில் நாற்பத்தொரு பேர் போன் செய்தார்கள். கதிரேசன் போன் செய்ததைச் சேர்க்கவில்லை.

மே 3, ஞாயிறு

போன் நிற்கவில்லை. நிலையத்தின் இணையப் பக்கத்தில் பாட்டைப் போட்டோம், ஆயிரக்கணக்கில் கேட்டிருக்கிறார்கள். "ஹில்டா, இந்தப் பசங்க நம்ம கையிலதானே இருக்காங்க? வேற எங்கயும் போகலியே?" என்றார் கதிரேசன். என் கையில்தான் என்றேன்.

மே 6, புதன்

ஷெட்டில் எனக்கென்று ஒரு ஸ்டூல் வந்துவிட்டது. மிக்கேல் துடைத்துப் போடுகிறான். ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். நான் ஒன்றும் சொல்வதில்லை, சொல்லவும் எனக்குத் தெரியாது. உட்கார்ந்திருப்பதே சுகமாக இருக்கிறது.

கிளம்பும்போது பெர்பெத்துவா வாசல் வரை வந்தாள். சென்னைக் கடற்கரையில் புதுக் குழுக்களுக்காக ஒரு இசை விழா நடத்துகிறார்களாம். மாநிலம் முழுக்க எட்டுக் குழு. இவள் ஜெராக்ஸ் கடைக் கம்ப்யூட்டரிலேயே விண்ணப்பம் போட்டுவிட்டாள்.

"அதுல மேனேஜர் பேரு கேட்டாவக்கா. ஆள் இல்லன்னா மதிக்க மாட்டாவன்னு ஒங்க பேரையும் மெயிலையும் போட்டுட்டேன். கோவமாக்கா?"

"கேட்டுட்டுப் போட்டிருக்கலாம்லா."

"கேட்டா வேண்டாம்னுருவியளோன்னு பயந்துட்டேன்."

கோபமில்லை என்றேன். சந்தோஷமாகத்தான் இருந்தது. விழா என்றைக்கு என்று கேட்கத் தோன்றவில்லை. எட்டுக் குழுவில் இவர்களை எடுக்கப்போகிறார்களா என்ன.

மே 10, ஞாயிறு

மூன்றாவது வாரமும் அவர்கள் பாட்டு. அம்மாவின் வருஷ நினைவு நாள் போல ஏதோ ஒன்று இந்த வாரம் வரும் என்று மனசு அடித்துக்கொண்டே இருந்தது. காலண்டரைப் பார்த்த பிறகுதான் புரிந்தது. 2014இல் சென்னையில் இருந்து எனக்கு வேலைக்கு அழைப்பு வந்தது இந்தத் தேதியில்தான். அங்கே பெரிய நிலையம். அம்மாவைத் தனியாக விட முடியாது என்று எழுதிப் போட்டேன். அம்மா போய்ச் சேர்ந்து இப்போது பதினான்கு மாதம் ஆகிறது. சென்னை மட்டும் இருக்கிற இடத்திலேயே இருக்கிறது.

மே 13, புதன்

"யக்கா, மெயில் வந்துச்சா?" என்றாள் பெர்பெத்துவா. வரவில்லை. நிஜமாகவே வரவில்லை.

மே 19, செவ்வாய்

வந்துவிட்டது.

எட்டில் ஒரு குழு தடைக்காலம். ஜூன் 14, ஞாயிறு மாலை ஏழு மணிக்கு மேடை. ரயில் டிக்கெட், தங்க இடம் எல்லாம் அவர்கள் பொறுப்பு. "அந்த எதிரொலி எங்களை உலுக்கிவிட்டது" என்று தனியாக ஒரு வரி எழுதியிருந்தார்கள். மே 24க்குள் மேலாளர் உறுதி செய்ய வேண்டும்.

ஆபீஸில் எழுந்து நின்றுவிட்டேன். ரித்விக் எட்டிப் பார்த்து, "என்ன மேம், குட் நியூஸா?" என்றான். மின்சார வாரியத்தில் இருந்து என்றேன்.

ஜூன் 14. அதற்கு மறுநாள்தான் தடை முடிந்து முதல் கடல். ஞாயிறு இரவு சென்னை மேடையில் நிற்பவன் திங்கள் விடிகாலை ஐந்து மணிக்குத் தூத்துக்குடியில் படகு ஏற முடியாது. நான் படகு டிரைவர் மகள், எனக்கு இது யாரும் சொல்ல வேண்டியதில்லை. முதல் கடலுக்கு யார் ஏறுகிறானோ அவன்தான் அடுத்த தடை வரைக்கும் அந்தப் படகின் ஆள். வராதவன் இடம் போச்சு. எங்கப்பா சொந்த மைத்துனனையே கரையில் விட்டுவிட்டுப் போனவர்.

எப்படியும் நாளைக்கு நேரில் போய்ச் சொல்லிவிட வேண்டும்.

மே 20, புதன்

போனேன். அல்வா வாங்கிக்கொண்டு போனேன். ஷெட் வாசலிலேயே ரித்விக்கின் பைக் நிற்கிறது. உள்ளே என் ஸ்டூலில் அவன் உட்கார்ந்திருக்கிறான். பெர்பெத்துவா அவன் செல்போனில் எதையோ பார்த்துச் சிரிக்கிறாள். மிக்கேல் அவனுக்கு ஐஸ் பெட்டியின் மூடியைத் தூக்கிக் காட்டுகிறான், நாலு விரல், மூணு விரல் என்று. நான் வந்ததைப் பார்த்து எல்லாரும் "வாங்கக்கா" என்றார்கள். ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை.

"நாளைக்கு என் மார்னிங் ஷோல இவங்கதான் மேம்," என்றான் ரித்விக். "மதியம் ரெண்டு மணிக்கு இது வேஸ்ட் ஆகுது."

கஸ்பார் தலையைக் குனிந்துகொண்டான். ஆனால் மறுக்கவில்லை. "காலையிலன்னா எங்க ஆளுவ எல்லாரும் கேப்பாவல்லாக்கா," என்றான்.

வயிறு எரிந்தது. இதை யாருக்கும் சொல்லப்போவதில்லை, எழுதியாவது வைக்கிறேன். மெயில் வந்தது அந்தக் கூட்டத்தில் சொல்கிற விஷயமா? அல்வாவைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

மே 21, வியாழன்

காலை ஏழு மணி. "உங்க ரித்விக் கண்டுபிடிச்ச தடைக்காலம்!" என்றான். பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். நுரையோடு நின்று முழுப் பாட்டையும் கேட்டேன்.

மே 22, வெள்ளி

யோசித்துப் பார்த்தால், அவர்களிடம் சொல்லிப் பிரயோசனம் இல்லை. சொன்னால் என்ன ஆகும்? முடியாது என்று தெரிந்த ஒன்றை முன்னால் வைத்து ஆசை காட்டியதாகும். படகா பாட்டா என்று இரண்டு பையன்களை மூன்று நாளைக்குத் தூங்கவிடாமல் அடிப்பதாகும். கடைசியில் படகைத்தான் எடுப்பார்கள். எடுக்காமல் எங்கே போவார்கள். அந்த வேதனையை அவர்களுக்கு ஏன் கொடுக்க வேண்டும்? வேண்டாம் என்று சொல்கிற பாரத்தை நான் சுமந்துகொண்டேன், அவ்வளவுதான்.

"தொழில் காரணமாகக் குழுவினர் கலந்துகொள்ள இயலாத நிலையில் உள்ளனர். தங்கள் அன்புக்கு நன்றி. ஹில்டா, மேலாளர்." நாலு வரி. அனுப்பிவிட்டு அந்த மெயிலை அழித்தேன். அவர்கள் அனுப்பியதையும் அழித்தேன், சும்மா இடத்தை அடைத்துக்கொண்டு கிடப்பானேன்.

வரும் வழியில் மாதா கோயிலுக்குள் போனேன். அங்கே போய் ஆறு மாதம் ஆகிறது. பெரிதாக ஒன்றும் வேண்டிக்கொள்ளவில்லை. மின்விசிறிக்குக் கீழே சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன்.

மே 24, ஞாயிறு

"யக்கா, மெயிலு?"

"வரலியே."

மே 27, புதன்

கதிரேசன் கூப்பிட்டார். என் ஞாயிற்றுக்கிழமை தப்பியது. "சென்னையில கேட்டாங்க, அந்த பேண்ட் உங்ககிட்ட மட்டும்தான் இருக்கான்னு. ஆமான்னேன். அப்ப அந்த அம்மா ஷோவைத் தொடாதீங்கன்னுட்டாங்க." நான் அந்த அம்மா. இருக்கட்டும். ரித்விக் ஒரு வாரத்திலேயே அவர்களை விட்டுவிட்டு, பின்பக்கமாகவே நடக்கிற நாய் ஒன்றைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறான். ஸ்டூல் மறுபடி என்னிடம் வந்துவிட்டது.

ஜூன் 3, புதன்

ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. புழுக்கம். மாடித் தொட்டியில் பாசி பிடித்திருந்தது, தேய்த்துக் கழுவினேன்.

ஜூன் 7, ஞாயிறு

பெர்பெத்துவா ஒரு நாளைக்கு இரண்டு தடவை போன் செய்கிறாள். "ஸ்பேம்ல பாத்தியளாக்கா?" பார்த்தேன் என்றேன். "சரியாப் பாத்தியளா?" எனக்குக் கோபம் வந்துவிட்டது. நான் என்ன கண் தெரியாதவளா என்று கேட்டேன். அந்தப் பிள்ளை பயந்துபோய் மன்னிப்புக் கேட்டது.

ஜூன் 10, புதன்

விழாவின் பட்டியல் வெளியாகிவிட்டது. எட்டுக் குழு. தடைக்காலம் இல்லை. எட்டாவதாக யாரோ சேலத்துப் பையன்கள். பெர்பெத்துவாவே போன் செய்து சொன்னாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

"போட்டும்மா. அடுத்த நாள் முதல் கடலு. ஒங்க அண்ணனும் மிக்கேலும் எப்படியும் போயிருக்க முடியாதுல்லா," என்றேன்.

"ம்," என்றாள்.

ஜூன் 15, திங்கள்

முதல் கடல். ஞாயிறு நிகழ்ச்சிக்குச் சேர்க்கலாம் என்று ரெக்கார்டரை எடுத்துக்கொண்டு நாலரைக்கே துறைமுகம் போனேன். புதுப் பெயிண்ட் வாசனை, டீசல் வாசனை. பங்குச் சாமியார் தீர்த்தம் தெளித்துக்கொண்டே படகு படகாகப் போனார். பெண்கள் தூக்குச்சட்டியோடு நிற்கிறார்கள். நல்ல சத்தம் எல்லாம் கிடைத்தது.

கஸ்பார் போகிற படகைத் தேடிக் கண்டுபிடித்தேன். டிரைவர் பெஸ்கி சுக்கானைப் பிடித்து நிற்கிறார். மேல்தட்டில் நான் பார்த்தேயிராத இரண்டு பையன்கள் கயிற்றை அவிழ்க்கிறார்கள். படகு விலகிப் போனது. அது போன பிறகுதான் பார்த்தேன், படகுத்துறைக் கட்டையில் கஸ்பாரும் மிக்கேலும் வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தார்கள்.

"ஏலே, நீங்க ஏறலியா?"

"எங்களுக்குப் பதிலா ஆளு ஏறியாச்சிக்கா," என்றான் மிக்கேல்.

"என்னலே சொல்லுத?"

கஸ்பார்தான் விளக்கினான். விண்ணப்பத்திலேயே தேதி போட்டிருந்ததாம், ஜூன் 14 என்று. அனுப்பிய மறுநாளே இரண்டு பேரும் பெஸ்கியிடம் போய், இந்த வருஷம் முதல் கடலுக்கு நாங்கள் இல்லை, வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள்.

"மெயிலே வரலியே. வாரதுக்கு முன்னால எதுக்குலே போயிச் சொன்னிய?"

"படகுக்குப் பெயிண்ட் அடிக்கதுக்கு முன்னால சொல்லிரணும்லாக்கா. கடைசி நேரத்துல கைய விரிச்சா அவரு ஆளுக்கு எங்க போவாரு? ஒங்களுக்குத் தெரியாததா, நீங்க டிரைவர் மவ."

தெரியும். எனக்குத் தெரியும். முதல் கடலுக்கு வராதவன் இடம் போகும் என்பது ஞாபகம் இருந்தது. வர முடியாதவன் ஒரு மாதம் முன்னாலேயே சொல்லிவிடுவான் என்பது ஞாபகத்துக்கு வரவில்லை.

"எடுக்கலன்னா என்ன பண்ணுவோம்னு யோசிக்கலியாலே?"

"எடுப்பாவன்னுதான் நெனச்சோம்," என்றான் மிக்கேல். "நீங்கதான ரேடியோவுல சொன்னிய, எந்த மேடையில போட்டாலும் நிக்கும்னு."

ரெக்கார்டர் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. வீட்டுக்கு வந்துதான் பார்த்தேன். மிக்கேல் சொன்னது தெளிவாக விழுந்திருக்கிறது. அதற்கப்புறம் வெறும் இன்ஜின் சத்தம்தான்.

ஜூன் 16, செவ்வாய்

சொல்லிவிடலாம். போய், உட்கார்ந்து, இப்படி நடந்துபோச்சு என்று சொல்லிவிடலாம். மிஞ்சிப் போனால் என்ன செய்வார்கள்?

ஜூன் 17, புதன்

இனிமேல் சொல்லி என்ன ஆகப்போகிறது? விழா முடிந்துவிட்டது, படகும் போய்விட்டது. என் மனசு ஆறுவதற்காக அவர்களைக் குத்துவதா?

ஜூன் 18, வியாழன்

ஜெராக்ஸ் கடையில் இருந்து நேராக ஆபீஸுக்கே வந்துவிட்டாள் பெர்பெத்துவா. கீழே டீ வாங்கிக் கொடுத்தேன். குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தாள்.

"யக்கா, எனக்கு ஒண்ணு மட்டும் தெரியணும். எங்ககிட்ட என்ன கொறன்னு. நல்லால்லன்னு ஒரு வரி எழுதிப் போட்டிருந்தாக்கூட மனசு ஆறியிருக்கும்லா. ஒண்ணுமே சொல்லாமப் போனா எதத் திருத்த? மிக்கேலு என் பாட்டாலதாங்கான். அண்ணன் மிக்கேலாலதாங்கான். ஷெட்டுல ஒருத்தருக்கொருத்தர் மொகங்குடுத்துப் பேசல. நீங்க மேனேஜரு, நீங்க ஒரு மெயில் போட்டுக் கேளுங்கக்கா. ஒங்களுக்குன்னா பதில் சொல்லுவாவ."

கேட்கிறேன் என்றேன்.

ஜூன் 20, சனி

பதில் எழுத மூன்று மணி நேரம் ஆனது.

மூன்று பேரையும் ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தேன். குரலில் குறை என்றால் அந்தப் பிள்ளை இனி வாயைத் திறக்காது. தாளம் என்றால் மிக்கேல் டிரம்மைக் கடலில் எறிந்துவிடுவான், கோபக்காரன். கிதார் என்றால் கஸ்பார் சித்தப்பாவின் ஷெட்டில் இன்ஜினுக்குள் தலையை விட்டவன் எடுக்கவே மாட்டான். ஆள் மேல் பழி விழக் கூடாது. அதில் மட்டும் உறுதியாக இருந்தேன். கடைசியில் யோசனை வந்தது. பெட்டிதான். உடைந்த ஐஸ் பெட்டிக்கு மனசா இருக்கிறது வருத்தப்பட?

"பாடல்களும் வாசிப்பும் சிறப்பாக இருந்தன. எதிரொலி சற்று மிகுதி. அதைத் தவிர்த்திருந்தால் பரிசீலித்திருப்போம்." விழாக் குழு என்று கையெழுத்துப் போட்டு, அச்செடுத்து, ஜெராக்ஸ் கடைக்கே கொண்டுபோனேன். நின்றுகொண்டே இரண்டு தடவை படித்தாள்.

"இவ்வளவுதானாக்கா? பெட்டிதானா?"

"பெட்டிதான்."

சிரித்துவிட்டாள். ஒரு மாதத்தில் நான் பார்த்த முதல் சிரிப்பு. கடையில் கூட்டம் நிற்கும்போதே அண்ணனுக்குப் போன் போட்டாள். "எண்ணே, யார் மேலயும் தப்பில்லயாம்!" என்று கத்தினாள். அந்தச் சிரிப்பைப் பார்த்தபோது நான் செய்தது சரிதான் என்று பட்டது. இப்போதும் அப்படித்தான் படுகிறது.

ஜூன் 21, ஞாயிறு

பழைய பதிவையே போட்டேன். பன்னிரண்டு போன்.

ஜூன் 28, ஞாயிறு

ஏழு போன். கதிரேசன், "அதே பாட்டு எத்தனை வாரம்? புதுசா ஒண்ணு பாடச் சொல்லுங்க" என்கிறார். கஸ்பார் முழுநேரமும் ஷெட்டில் இருக்கிறான். மிக்கேல் உப்பு லாரியில் மூட்டை ஏற்றப் போகிறான், தோல் உரிந்த தோளில் எண்ணெய் தடவிக்கொண்டு சாயங்காலம் வாசிக்க வருகிறானாம். எல்லாவற்றையும் திருத்திப் புதுசாகத் தயார் செய்கிறார்களாம். சனிக்கிழமை வந்து கேட்க வேண்டும் என்று பெர்பெத்துவா சொன்னாள்.

ஜூலை 4, சனி

மாலை ஐந்து மணிக்குப் போனேன். ஷெட்டைப் பெருக்கி வைத்திருந்தார்கள். மூலை காலியாக இருந்தது.

"பெட்டி எங்கலே?"

"மூணா வெட்டி மாட்டுத் தொட்டிக்குக் குடுத்துட்டோம்க்கா," என்றான் கஸ்பார். "பாத்துக்கிட்டே இருந்தா மறுபடி அதுக்குள்ள போட்டுருவோம்லா."

எங்கேயோ இரவல் வாங்கிய புது ஸ்பீக்கர். மூன்று பேரும் குளித்து, நல்ல சட்டை போட்டு வந்திருந்தார்கள். எனக்கு ஸ்டூலைத் துடைத்துப் போட்டான் மிக்கேல். வாசித்தார்கள். வலை காயுது. ஒவ்வொரு சுரமும் தனித்தனியாக, சுத்தமாகக் கேட்டது. முன்பு அவசரத்தில் விழுகிற தப்பையெல்லாம் எதிரொலி மறைத்துக்கொள்ளும். இப்போது மறைக்க ஒன்றுமில்லாததால் பாட்டின் வேகத்தைக் குறைத்திருந்தார்கள். பெர்பெத்துவா ஒவ்வொரு சொல்லையும் பார்த்துப் பார்த்துப் பாடினாள். ஒரு தப்பு இல்லை. கல்லூரி ஆண்டு விழாவில் நாலு குழு வாசிக்குமே, அதில் இரண்டாவது குழு இப்படித்தான் இருக்கும்.

முடித்துவிட்டு மூன்று பேரும் என் முகத்தையே பார்த்தார்கள். மிக்கேல் குச்சியைக் கீழே வைக்கவே இல்லை.

"இப்ப சரியாருக்காக்கா?" என்றாள்.

"சரியாருக்கு," என்றேன்.

"அப்ப அடுத்த வருசத்துக்கு இதையே அனுப்பிருவோம்," என்றான் கஸ்பார். மிக்கேல் அவன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தான். ரொம்ப நாள் கழித்து அவர்கள் இரண்டு பேரும் சிரித்துப் பேசியதைப் பார்த்தேன். எனக்குக் கலர் வாங்கிக் கொடுத்தார்கள், முழுவதையும் குடித்தேன்.

இதை நாளைக்குப் போட முடியாது. யாரும் போன் செய்ய மாட்டார்கள். காயல்பட்டினம் பக்கம் நாலு பையன்கள் ஒரு குடோனில் வாசிக்கிறார்களாம், வித்தியாசமாக இருக்கிறது என்று ஆபீஸில் சொன்னார்கள். செவ்வாய்க்கிழமை போய்ப் பார்க்க வேண்டும்.